ஐந்து பேர், ஒரு ஹால், ஒரே நேரம்

கேள்வி: எனக்கு வயது 46. சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை மட்டுமே உள்ள வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். பாரிமுனையில் கணக்கராக இருக்கும் என் கணவர் மார்ச் மாதக் கடைசியிலிருந்து வீட்டிலேயே கணினி வைத்து வேலை செய்கிறார். சம்பளம் பாதிதான் வருகிறது. மகளுக்குச் செல்போனில் கல்லூரி வகுப்பு. மகன் பத்தாம் வகுப்பு. மார்ச் 27இல் தொடங்க வேண்டிய தேர்வு ஜூன் 1க்குப் போய், இப்போது ஜூன் 15 என்கிறார்கள். விடிய விடியப் போனைப் பார்த்துவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு எழுகிறான். மாமியாருக்கு 74 வயது. காலையும் மாலையும் தாமோதரப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தவர், இப்போது நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து, கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கை ஏற ஏற என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஊரடங்கு அன்றிலிருந்து வரவில்லை. போன வாரம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினோரு முறை காபியும் டீயும் போட்டிருந்தேன். அன்று மதியம் கணவர் "சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசிவிட்டேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். குளியலறைக்குள் போய் அழுதேன். குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு சொந்த ஊருக்கு நெடுஞ்சாலையில் நடந்து போகிற தொழிலாளர்களை டிவியில் பார்க்கும்போது, மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு நான் இப்படி இருப்பது பாவம் என்று தோன்றுகிறது. எனக்கு மனநோயா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை. மே 2020)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கரண்டியை வீசிய செய்தியைவிட, அதற்கு முன்னால் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே நாளில் பதினோரு முறை. பிப்ரவரி மாதத்தில் இதே அடுப்பில் எத்தனை முறை பால் ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, யாராவது விருந்தினர் வந்தால் இன்னொன்று. உங்கள் குணம் மூன்று மாதத்தில் மாறிவிடவில்லை. உங்கள் வேலைதான் மூன்று நான்கு மடங்காகியிருக்கிறது, அதுவும் யாரும் கவனிக்காத வகையில்.

உங்கள் வீட்டின் பழைய நாளைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். கணவர் மின்சார ரயிலைப் பிடிக்கக் காலையிலேயே கிளம்பிவிடுவார், பிள்ளைகள் பின்னாலேயே போய்விடுவார்கள், மாமியார் கோயிலுக்குப் போய் நடையும் பேச்சுமாக ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். அதாவது, அந்தச் சிறிய வீட்டை ஐந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியது இரவில் மட்டும்தான். சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாத வீட்டைக் கடிகாரம் பிரித்து வைத்திருந்தது. பத்து மணிக்கு மேல் அது உங்கள் வீடு, மாலையில் பிள்ளைகளின் வீடு, இரவில் எல்லோருடையதும். மார்ச் 25 முதல் அந்தக் கடிகாரம் நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு வேலை வீட்டுக்குள் வந்தது. உங்களுக்கோ, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குள் எல்லோரும் வந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை உங்கள் குடும்பம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால், நீங்களும் புரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் "எனக்கு மனநோயா" என்று கேட்கிறீர்கள்.

தனிமைப்படுத்தப்பட்ட மக்களின் மனநிலை பற்றி முன்பு நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, இந்தப் பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. அடைபட்டிருக்கும் காலம் நீள்வது, தொற்று பற்றிய அச்சம், சலிப்பு, பொருள் தட்டுப்பாடு, தெளிவில்லாத தகவல், பண இழப்பு ஆகியவையே மனத்தை அதிகம் அரிப்பவை என்கிறது அது. உங்கள் கடிதத்தின் ஒரே பத்தியில் இவற்றில் பெரும்பாலானவை வந்துவிட்டன. ஊரடங்கு முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு மே 3, பிறகு மே 17, இப்போது மே 31. ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு தற்காலிக ஏற்பாட்டிலேயே வீட்டை ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு மாதமாக நீடிப்பதைத் தற்காலிகம் என்று நினைத்து ஓட்ட முடியாது. 31ஆம் தேதிக்குப் பின்னும் உங்கள் கணவரின் அலுவலகமும் பிள்ளைகளின் வகுப்பறையும் உடனே பழையபடி திறந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. கடிகாரம் தானாகச் செய்த வேலையை இனி நீங்கள் ஐந்து பேரும் பேசி வைத்துச் செய்ய வேண்டும்.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உங்கள் நாள் அங்கேதான் உடைகிறது. காலை ஆறரைக்கும் மாலை நான்கரைக்கும் இரண்டே முறை காபி போடுங்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, ஐந்து டம்ளரோடு ஹால் மேசையில் வைத்துவிடுங்கள். வேண்டியவர்கள் ஊற்றிக் குடிக்கட்டும், குடித்த டம்ளரை அவரவரே கழுவி வைக்கட்டும். ஃபிளாஸ்க் காபியில் மணம் போய்விடும் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். போகத்தான் செய்யும். மணம் வேண்டுமென்றால் அடுப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கத்திரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் நிற்பதையும் விட்டுவிடலாம். ஒன்பது மணிக்குள் குழம்பும் பொரியலும் முடித்து, சாதம் மட்டும் மதியம் குக்கரில் வைத்தால் போதும். அதை வைக்கப் பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரியாதென்றால் ஒரே நாளில் கற்றுக்கொள்வான்.

அடுத்தது பாத்திரம். உங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா ஐந்து பேரின் எச்சில் தட்டையும்தான் தேய்த்தார். அவர் வராமல் நின்றவுடன் அந்த வேலை முழுவதும் ஒருவர் தலையில் மட்டும் ஏன் விழுந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காமல் தொட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். இந்த இடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "யாராவது கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா" என்று கேட்கும்போது, வேலை உங்களுடையது, மற்றவர்கள் செய்வது தயவு என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். உதவி கேட்காதீர்கள், வேலையை முழுதாக ஒப்படையுங்கள். இரவுப் பாத்திரம் மகனுடையது என்றால், தேய்ப்பது, கவிழ்ப்பது, தொட்டியைக் கழுவுவது எல்லாம் அவனுடையது. காலை டிபன் வாரத்தில் மூன்று நாள் மகளுடையது என்றால், முதல் நாள் இரவே மாவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவளுடையது. முதல் வாரம் வாணலியின் அடியில் பிசுக்கு இருக்கும். தோசை பிய்ந்து வரும். அதை எடுத்து நீங்கள் மறுபடி தேய்த்தால், மறுபடி வார்த்தால், வேலை மறுநாளே உங்களிடம் திரும்பி வந்துவிடும். இதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். (அந்த அம்மாவுக்கு ஏப்ரல், மே மாதச் சம்பளத்தில் முடிந்ததைக் கொடுத்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் வருமானமும் பாதியாகியிருக்கிறது, ஆனாலும் முடிந்ததைக் கொடுங்கள். அவருக்கு வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை.)

இனி இடமும் நேரமும். ஒரு வெள்ளைத்தாளில் படுக்கையறை, ஹாலின் ஜன்னல் மூலை, ஹாலில் டிவி இருக்கும் பகுதி என்று மூன்றையும் எழுதி, எந்த நேரத்தில் எது யாருக்கு என்று நிரப்புங்கள். மகளுக்கு வகுப்பு உள்ள நேரம் படுக்கையறை அவளுடையது, கதவு சாத்தியிருக்கும். கணவரின் மேசை சுவரைப் பார்த்துத் திரும்பட்டும். அவருடைய அலுவலகம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பது தாளில் இருக்கட்டும், முடிந்ததும் கணினியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடட்டும். விளையாட்டாகத் தெரியலாம். ஆனால், மாலையில் கிளம்பி ரயிலேறி வீடு வந்து செருப்பைக் கழற்றும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஒரு மனிதர் கணக்கரிலிருந்து அப்பாவாக மாறிக்கொண்டிருந்தார். அந்தப் பயணம் இல்லாத நாளில் ஒரு துண்டாவது வேண்டும். நானும் விதிவிலக்கல்ல. இரண்டு மாதமாக என்னிடம் ஆலோசனை கேட்டுப் பேசுகிறவர்களோடு நான் பேசுவது மொட்டை மாடிக்குப் போகும் கடைசிப் படியில் உட்கார்ந்துதான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால், எதிர்முனையில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருக்கிறேன். வீட்டில் என் குரலும், அவர்கள் என்னை நம்பிச் சொல்லும் செய்தியும் பாதுகாப்பாக இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றரை வரை படுக்கையறை உங்களுக்கு. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், தாழ்ப்பாள் போட்டாலும் தவறில்லை. தூங்கலாம், தங்கையோடு போனில் பேசலாம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். பயனுள்ளதாக எதையும் செய்யக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. இந்த ஊரடங்கில் புதுக் கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள், புதுப் பலகாரம் செய்து பாருங்கள் என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். அவை வேலை குறைந்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

இதையெல்லாம் எப்போது பேசுவது என்பதும் முக்கியம். உப்பு கூடிய நாளில் பேசாதீர்கள். இரவு சாப்பாடு முடிந்து, தட்டு எடுப்பதற்கு முன், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு நாளில் நீங்கள் செய்யும் வேலைகளை நேரத்தோடு வாசியுங்கள். "யாருக்கும் என்மேல் அக்கறை இல்லை" என்ற வாக்கியத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பதினோரு காபி என்ற எண்ணே போதுமானது. உங்கள் கணவர் கணக்கர். எண்ணின் அருமை அவருக்குத் தெரியும்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. "சம்பளம் பாதிதான் வருகிறது" என்று எழுதி, அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். வீட்டிலும் அது அப்படித்தான் கடந்து போயிருக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து என்னோடு பேசிய ஆண்கள் பலர், பணத்தைப் பற்றிப் பேச வாய் வராமல் சாப்பாட்டைப் பற்றியும் டிவி சத்தத்தைப் பற்றியும் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அது நியாயமாகிவிடாது, ஆனால் பேச வேண்டிய விஷயம் உப்பு இல்லை என்பதை அது காட்டுகிறது. வாடகை, கல்லூரிக் கட்டணம், கடன் தவணை எல்லாவற்றையும் ஒரு மாலை இருவரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் கடன் தவணைகளுக்கு மூன்று மாதம் ஒத்திவைக்க அனுமதி அளித்து, மே 22இல் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்திருக்கிறது. தவணை தள்ளிப்போனாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுவதே நல்லது. முடியாதவர்களுக்கு இது மூச்சுவிட ஓர் இடம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அவர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும், உங்களிடம் சொல்ல வேண்டும்.

மகன் விஷயத்தில் அவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடி மறுபடி தேதி மாறிய தேர்வுக்கு ஒரே பாடத்தை எத்தனை முறை படிப்பான்? ஆனால், தூக்கம் தடம் மாறியிருப்பதைச் சரிசெய்தாக வேண்டும். மனித உடலின் உள்கடிகாரம் பொதுவாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அதை அன்றாடம் திருத்துகிறது. 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை, செவ்வாய்ப் பயணத்துக்கான ஒத்திகையாக மாஸ்கோவில் ஆறு ஆண்கள் 520 நாள் வெளியுலக வெளிச்சமே இல்லாமல் ஒரு கூடத்துக்குள் அடைபட்டு வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவருடைய நாள் 25 மணி நேரமாக நீண்டு, மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கும் நிலைக்குப் போய்விட்டது. தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த ஆட்களுக்கே இந்த நிலை என்றால், ஜன்னல் திரையை மூடிக்கொண்டு பகலெல்லாம் தூங்கும் பையனைக் கோபித்துப் பயனில்லை.

"பத்து மணிக்குப் படு" என்று சொல்வதால் தூக்கம் வராது. எழும் நேரத்தைப் பிடியுங்கள். இப்போது பதினொரு மணி என்றால் நாளை பத்தரை. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினால் பதினாறு நாளில் ஏழு மணிக்கு வந்துவிடலாம், தேர்வுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் இருக்கிறது. எழுந்தவுடன் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகட்டும். வெயில் முகத்தில் படும், உங்கள் வேலையில் ஒன்றும் குறையும். இரவில் போன் ஹாலில் தூங்க வேண்டும், அப்பாவின் போனும் சேர்த்து. பெரியவர்கள் போன் தலைமாட்டில் இருக்கும் வீட்டில் பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கினால் நடக்காது.

மாமியாரின் டிவிக்குப் பின்னால் இருப்பதும் இதேதான். கோயில் அவருக்குச் சாமி மட்டும் இல்லை. நடை, வெளிச்சம், பிராகாரத்தில் உட்கார்ந்து பேசும் தோழிகள், இன்று என்ன திதி என்ற கணக்கு எல்லாம் அதில் இருந்தன. 65 வயதைக் கடந்தவர்கள் வெளியே வரக் கூடாது என்று அரசு சொல்லியிருக்கிறது, கோயிலும் மூடியிருக்கிறது. சீரியல்களும் படப்பிடிப்பு நின்று பழையதையே போடுகிறார்கள். மிச்சமிருப்பது செய்தி ஒன்றுதான். மாலையில் வெளியாகும் மாவட்டவாரி எண்ணிக்கையை அவரும் மகளும் ஒரே ஒரு முறை சேர்ந்து பார்க்கட்டும். அதற்கு முன்னும் பின்னும் செய்தி வேண்டாம். கோயில் தோழி ஒருவருக்குக் காலையில், வழக்கமாகக் கோயிலுக்குக் கிளம்பும் அதே நேரத்தில், போன் போட்டுக் கொடுங்கள். இன்னொன்று, இது வடாம் காலம். இந்த வெயிலை வீணாக்குவதா என்று அவர் மனத்துக்குள் அங்கலாய்த்துக்கொண்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். பதம் சொல்லும் பொறுப்பு அவருக்கு, பிழிவது பேத்திக்கு, மாடியில் காக்காய் ஓட்டுவது பேரனுக்கு. கூழ் கிளறுவது உங்கள் பங்காகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் நடந்து போகிறவர்களைப் பார்த்து உங்கள் துயரத்தை அளக்கிறீர்கள். அவர்கள் படும் பாடு உங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால், உங்களுக்கு முதுகு வலிப்பதால் அவர்களுடைய சோறு குறைவதில்லை. வலியை மறைத்தால் அந்தச் சோறு கூடுவதும் இல்லை. மனம் தாளவில்லை என்றால், உங்கள் பகுதியில் உணவு சமைத்துக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு கிலோ அரிசி கொடுங்கள். குற்ற உணர்ச்சியை வைத்துக்கொண்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோயாகத் தெரியவில்லை. ஓய்வே இல்லாமல் உழைக்கும் ஒருவரின் களைப்பாகவும் கோபமாகவும்தான் தெரிகிறது. ஆனால், கடிதத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது என்பதால் சில அடையாளங்களைக் கவனித்து வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் இருண்டே கிடப்பது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, அதிகாலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாதது, பசி விட்டுப்போவது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்ப்பது ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு நாள் வந்தாலும் அன்றே 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. மருத்துவத் தேவைக்காக வெளியே செல்ல ஊரடங்கில் தடையில்லை. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை போன்றவை தீர்ந்து நாள் கணக்கில் விட்டுப்போயிருந்தால் அதையும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்றே நம்புகிறேன், ஆனாலும் இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டில் யாராவது கைநீட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அதற்கு வெள்ளைத்தாளும் ஃபிளாஸ்க்கும் மருந்தாகாது.

பிள்ளைகள் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "அன்று அம்மா கரண்டியை வீசியது தப்பு, ஆனால் களைத்துப்போனது தப்பில்லை." விளக்கம் அவ்வளவு போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். நாளைக் காலை ஃபிளாஸ்க், நாளை இரவு தாள். தாளை மகள் கையெழுத்தில் எழுதச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். முதல் வரியாக உங்கள் இரண்டு மணி முதல் மூன்றரை வரை எழுதப்பட்ட பிறகே கணவரின் அலுவலகமும், மகளின் வகுப்பும், மாமியாரின் டிவியும் அதற்குக் கீழே வரட்டும். இரண்டு வாரம் கழித்து, அந்த ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை முறை கதவு தட்டப்பட்டது, யார் தட்டினார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அதிலிருந்து சொல்கிறேன்.